மூன்று தீபாவளி கண்ட படமும் தியாகராஜ பாகவதரும்

சென்ற திங்களில் ஒருநாள், பத்தாம் வகுப்பு மாணாக்கர்க்கு யாப்பிலக்கணம் நடத்திக்கொண்டிருந்தபோது, யாதோ ஒரு தொடர்புபற்றி, ஹரிதாஸ் என்னும் படம் சென்னை நகரில் ஒரே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்று யாம் கூற நேர்ந்தது. பின்வரிசையிலிருந்த மாணாக்கனொருவன் எழுந்து, அக்காலத்தார்க்குப் பார்க்க வேறு படமே இல்லையோ என வினவினான். வகுப்பு முழுதும் நகைத்தது. யாமும் உடன் நகைத்துவிட்டுப் பாடத்துக்குத் திரும்பினோம். ஆயினும் வீடு வந்த பின்னரும் அவ்வினா எம்மை விட்டபாடில்லை. அவன் கேட்டது குறும்பேயாயினும் தவறன்று. வெளிவந்த மூன்றாம் நாளிலேயே படத்தின் வாழ்வும் தாழ்வும் தீர்க்கப்பட்டு, நான்கு வாரங் கழிந்ததும் அது கைப்பேசிக்குள் வந்துவிடுதலைக் கண்டு வளரும் பிள்ளைக்கு, 110 வாரம் என்னும் கணக்கு பாட்டி சொல்லும் கதைபோலவே தோன்றும்.

அவனுக்கு அன்று சொல்லாது விடுத்த விடையை நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் ஈண்டு எழுதத் துணிந்தோம். விடை கூறப் புகின், அப்படத்தின் தலைவராய் நடித்த எம். கே. தியாகராஜ பாகவதரின் சரித்திரத்தை விடுத்துக் கூறல் இயலாது. அன்றியும் அவர் நமக்கு அயலார் அல்லர். பொற்பணி செய்யும் குடியிற் பிறந்தவர். நம்மவர் வீடுகளில் அவர் படம் மாட்டாத கூடம் ஒருகாலத்தில் அரிதாயிருந்தது. இன்றோ அவர் பெயரைச் சொன்னால், அவர் யாவர் என்று கேட்கும் பேரப்பிள்ளைகளே மிகுதி.

பாகவதர் 1910ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 1ஆம் நாள், தஞ்சை ஜில்லா மாயவரத்தில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணமூர்த்தி ஆசாரியார், தாயார் மாணிக்கத்தம்மையார். குடும்பம் பின்னர்த் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தது. பட்டறையில் உலை ஊதவும், கம்பி இழுக்கவும் பழக வேண்டிய வயதில் பிள்ளையின் கருத்து அதில் நிற்கவில்லை, பள்ளிக்கூடத்திலும் நிற்கவில்லை. பாட்டு எங்கே கேட்கிறதோ அங்கே கால் சென்றது. ஒருமுறை வீட்டைவிட்டு ஓடிக் கடப்பை வரை சென்றுவிட்டார் என்றும், தேடிப்போன தந்தையார் அங்கே மகன் பாடுவதை ஊரார் சூழ்ந்திருந்து கேட்பதைக் கண்டு சினம் ஆறினார் என்றும் பெரியோர் சொல்லுவர். உலைக்குரிய பிள்ளையை இசைக்கு விட்டுக்கொடுத்தல் அந்நாளைய தந்தையார்க்கு எளிதன்று. அது வீட்டின் அடுத்த தலைமுறைச் சோற்றை விட்டுக்கொடுப்பது போன்றது. அவர் விட்டுக்கொடுத்தார்.

திருச்சியில் ரசிக ரஞ்சனி சபையை நடத்திவந்த எப். ஜி. நடேசையர் இரயில்வே உத்தியோகத்தர், நாடகப் பித்துடையவர். தம் அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக நடிக்கப் பையன் ஒருவனைத் தேடிய அவர் கண்ணில் இப்பிள்ளை பட்டான். அப்போது வயது பத்தளவே. பின்னர் மதுரைப் பொன்னு ஐயங்கார் என்னும் பிடில் வித்துவானிடம் முறையாகச் சங்கீதம் பயின்றார். அரங்கேற்றத்தில் கஞ்சிரா வாசித்த புதுக்கோட்டைத் தட்சிணாமூர்த்திப் பிள்ளையவர்களே இளைஞரைப் பாகவதர் என்று அழைத்தார் என்பது வழக்கு. தட்சிணாமூர்த்திப் பிள்ளை எளிதில் ஒருவரை மெச்சுபவரல்லர். ஆசாரியார் மகன் தியாகராஜன் அன்று முதல் தியாகராஜ பாகவதர் ஆயினார்.

நாடக மேடையில் அவரை நிலைநிறுத்தியது பவளக்கொடி. அருச்சுனனாக அவரும், பவளக்கொடியாக எஸ். டி. சுப்புலட்சுமியும் பாடி நடித்த அந்நாடகமே 1934ஆம் ஆண்டு படமாயிற்று. கே. சுப்பிரமணியம் இயக்கிய முதற்படம் அது, பாகவதர்க்கும் முதற்படம். ஐம்பதளவு பாட்டுக்கள் அதில் இருந்தன. இன்றுள்ளோர் மலைப்பர். ஆனால் அந்நாளிற் பேசும் படம் என்றது, மேடையில் இரவு முழுதும் பாடிய நாடகத்தைத் திரையில் ஏற்றிய அளவே. மக்கள் கதையின் பொருட்டு வந்தாரல்லர். கதை அவர்க்கு முன்னரே தெரியும். பாட்டின் பொருட்டு வந்தனர். ஒருமுறை கேட்ட பாட்டை மறுமுறை கேட்கப் பொருளில்லை என்று எவரும் எண்ணார். ஒரு படம் கொட்டகையில் நெடுநாள் நிற்பதற்குரிய வேர் இவ்விடத்தில் இருக்கின்றது. கதை தெரிந்த பின் கதைப் படத்தை எத்தனை முறை பார்ப்பது? பாட்டோ தெரிந்த பின்னர்த்தான் இனிக்கின்றது.

அந்நாளையக் கொட்டகை வியாபாரத்தையும் சிறிது சொல்லல் வேண்டும். இல்லையேல் 110 வாரம் என்பது விளங்காது. ஒரு படத்துக்கு எடுக்கப்பெற்ற பிரதிகள் மிகச் சிலவே. ரீல்கள் அடங்கிய தகரப் பெட்டி இரயிலேறி முதலில் பெருநகரங்களுக்குச் செல்லும். அங்கே கூட்டம் தேய்ந்த பின் ஜில்லாத் தலைநகர். அதன் பின் சிற்றூர். கடைசியிற் கூடாரம் அடிக்கும் டூரிங் டாக்கீஸ். படக்காரர்க்கும் கொட்டகைக்காரர்க்கும் வசூலிற் பங்கு. வாரத்து வசூல் பேசிய தொகைக்குக் கீழ் இறங்காதவரை படத்தை எடுப்பதற்கு இருவர்க்கும் மனம் வாராது. ஆகவே படம் எத்தனை நாள் நின்றது என்பதே அதன் ஊதியத்துக்கு அளவுகோலாயிற்று. இற்றைநாளிலோ பல நூறு திரைகளில் ஒரே நாளிற் படம் இறங்குகின்றது. அன்று ஒரு கொட்டகைக்கு ஓராண்டில் வந்த கூட்டத்தை இன்று ஆயிரம் இடங்களில் மூன்று நாளில் வாரிக்கொள்கின்றனர். இன்றைய படம் விரைவில் மறைவதனால் அது தாழ்ந்தது என்று யாம் சொல்ல வரவில்லை; அளக்கும் கோல் மாறிற்று என்றே சொல்லுகின்றோம். இதனை அன்று வகுப்பிற் சொல்லியிருக்கலாம்.

நிற்க. பாகவதரை நாடறியச் செய்தது 1937ஆம் ஆண்டு வெளிவந்த சிந்தாமணி. மதுரை ராயல் டாக்கீஸாரின் படம், ஒய். வி. ராவ் இயக்கியது. கணிகையொருத்தியின் மேற்கொண்ட மையல் நீங்கிக் கண்ணன்பால் அன்பு பூண்ட பில்வமங்கனாகப் பாகவதர் நடித்தார்; சிந்தாமணியாக நடித்தவர் அசுவத்தம்மா. அப்படம் ஓராண்டுக்கு மேல் ஓடியது. தமிழ்ப்படம் ஒன்று கொட்டகையில் ஆண்டு நிறைவு கண்டது அதுவே முதல் என்பர். அதன் ஊதியங்கொண்டு மதுரையில் ஒரு கொட்டகை எழும்பிற்று. அதற்குச் சிந்தாமணி என்றே பெயரிட்டனர். படத்துக்குக் கொட்டகை இடங்கொடுத்தல் உலகியல். படமே ஒரு கொட்டகையைக் கட்டிக்கொடுத்தது இவ்வொரு கதை.

அவ்வாண்டு முடியுமுன்னரே அம்பிகாபதி வந்தது. தமிழ் அறியாத அமெரிக்கராகிய எல்லிஸ் ஆர். டங்கன் அதனை இயக்கினார், வசனம் இளங்கோவன். அதுவும் ஓராண்டு நின்றது. 1939இல் திருநீலகண்டர், 1941இல் அசோக்குமார், 1943இல் சிவகவி. இவை ஒவ்வொன்றையும் விரித்தல் வேண்டா. பொய்யாமொழிப் புலவர் கதையைப் பொருளாகக் கொண்ட சிவகவியைப் பற்றி மட்டும், தமிழ் கற்பிக்கும் எமக்குத் தனித்த பற்று உண்டென்று சொல்லி மேற்செல்லுகின்றோம். இப்படங்கள் பலவற்றுக்கும் பாட்டெழுதி இசையமைத்தவர் பாபநாசம் சிவன். பாகவதரின் குரலுக்கு எவ்விடத்து ஏற்றம், எவ்விடத்து இறக்கம் என்பதைத் தட்டார் பொன்னின் மாற்றை அறிவதுபோல் அறிந்தவர் அவர். கல்யாண வீட்டிலும் தெருக்கூத்திலும் நெசவுத் தறியடியிலும் அப்பாட்டுக்கள் வழங்கின. தலைமுடியைப் பிடரியளவு வளர்த்து வாரிவிடும் கோலத்துக்குப் பாகவதர் கிராப்பு என்று பெயர் வழங்கிற்று. செவியில் வைரக் கடுக்கன், பட்டு ஜிப்பா, நெற்றியிற் பொட்டு. அவர் வருகின்ற இரயிலைக் காண நிலையங்களில் மக்கள் நெருங்கினர்.

இனி ஹரிதாஸ். 1944ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், தீபாவளியன்று அது வெளிவந்தது. இயக்கியவர் சுந்தர் ராவ் நட்கர்னி. கோயமுத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுக்கப்பெற்றது. கதை பலரும் அறிந்ததே. செல்வத்திற் பிறந்த ஹரிதாஸன் மனைவியின் சொற்கேட்டுப் பெற்றோரைத் துயருறுத்துகின்றான். ரம்பை என்னும் கணிகையின் வலையிற்பட்டுப் பொருளெல்லாம் இழக்கின்றான். முனிவர் ஒருவரை அவமதித்துத் தன் கால்களை இழக்கின்றான். பின் தெளிந்து தாய் தந்தையர்க்குத் தொண்டு செய்வதே தெய்வத் தொண்டென உணர்கின்றான். தேடி வந்த கண்ணனையும் சற்றுப் பொறுக்கச் சொல்லி ஒரு செங்கல்லின்மேல் நிற்க வைத்துவிட்டுப் பெற்றோரின் பணியை முடிக்கின்றான். ரம்பையாக டி. ஆர். ராஜகுமாரி, மனைவியாக நடித்தவர் சங்கீத விதுஷி என். சி. வசந்தகோகிலம், நகைச்சுவைக்கு என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும். ரம்பையின் முன் பாகவதர் சாருகேசி இராகத்திற் பாடும் பாட்டு, கச்சேரி மேடைக்கு அத்துணைப் பழக்கமில்லாத அவ்விராகத்தை மாட்டுவண்டி ஓட்டுவோர் வாயிலும் ஏற்றிவிட்டது.

சென்னை பிராட்வே கொட்டகையில் அப்படம் 1944ஆம் ஆண்டுத் தீபாவளியையும், 1945ஆம் ஆண்டுத் தீபாவளியையும், 1946ஆம் ஆண்டுத் தீபாவளியையும் கண்டது. 110 வாரம் என்று கணக்கிடுவர். இந்தி மொழியில் 1943இல் வந்த கிஸ்மத் கல்கத்தா ராக்ஸி கொட்டகையில் மூன்றாண்டுக்கு மேல் ஓடியது உண்மையே. ஆயினும் தமிழ்ப்படத்துள் ஹரிதாஸ் பெற்ற இடத்தைப் பிறிதொன்று பெற அறுபதாண்டு சென்றது. 2005இல் வந்த சந்திரமுகி சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களைக் கடந்து நின்றபோதுதான் பழைய கணக்கு பின்னிட்டது.

இப்போது மாணாக்கனின் வினாவுக்கு வருவோம். வேறு படம் இல்லையோ என்றான். நேர்மையாகச் சொல்லுமிடத்து, அவன் கூற்றிற் பாதி மெய். அஃது உலகப் போர் நடந்த காலம். படச்சுருள் கடல் கடந்து வருதல் வேண்டும். கப்பல்கள் போருக்குப் போயின. சுருளுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு விதித்தது. படம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்றும் விதித்தது. ஹரிதாஸ் அவ்வெல்லைக்குள் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிவது இதனாலேதான். முன்பு ஆண்டுக்கு முப்பதை ஒட்டியும் மேற்பட்டும் வந்த தமிழ்ப்படங்கள் அவ்வாண்டுகளில் இருபதினும் குறைந்தன. புதுப்படம் வாரா நிலையிற் பழைய படத்தைக் கொட்டகைக்காரர் எடுக்கமாட்டார். அன்றியும், 1942இல் ஜப்பானியர் குண்டுக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடிய சென்னை மாந்தர் இதற்குள் திரும்பிவிட்டனர். போர்க்காலத் தொழிலால் கையிற் கூலிக் காசும் சிலர்க்கு இருந்தது. அரிசிக்கோ பங்கீட்டு அட்டை. வேண்டிய அரிசியை வாங்க இயலாத காலத்தில், நாலணாக் கையில் இருந்தவர் அதனை எங்கே கொண்டு போவார்?

எனினும் மற்றைப் பாதியை அவன் காணவில்லை. சுருள் முடை எல்லாப் படத்துக்கும் பொது. போர் எல்லாப் படத்துக்கும் பொது. அவ்வாண்டுகளில் வந்த ஏனைய தமிழ்ப்படங்கள் யாவும் அதே முடையில்தாம் வந்தன. அவற்றுள் எதுவும் 110 வாரம் நிற்கவில்லை. வாய்க்கால் வற்றிய ஆண்டில் எல்லா வயலும் காயும். ஒன்று விளைந்ததாயின் அவ்வயலின் மண்ணைப் பார்க்க வேண்டுமன்றோ? எம் பாட்டியார் இப்படத்தைத் தம் ஊருக்கு வந்த கூடாரக் கொட்டகையில் மணல்மேல் அமர்ந்து நான்கு முறை கண்டவர். பெட்டி பல ஊர் சுற்றி, ரீலெல்லாம் தேய்ந்து மழை பெய்வதுபோற் கோடு விழுந்த பின்னரே அவ்வூருக்கு வந்ததாம். படம் எதைப்பற்றியது என்று சிறுவயதில் யாம் கேட்டபோது, ஒரு பிள்ளை தாய் தகப்பனுக்குக் கால் பிடித்தான் என்று மட்டும் சொன்னார். ரம்பையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. முதல் மாமனார் மாமியார் வரை, மருமகள் முதல் மகன் வரை, குடும்பம் முழுதும் வண்டி கட்டிக்கொண்டு சென்று காணத்தக்கதாய் இருந்தது அப்படம். ஒவ்வொருவரும் தமக்குரியதை அதில் எடுத்துக்கொண்டனர்.

இவ்வளவோடு நின்றிருப்பின் இஃது ஒரு வெற்றிச் சரித்திரமாய் முடிந்திருக்கும். அப்படி முடியவில்லை.

படம் வெளிவந்த இருபத்துமூன்றாம் நாள், 1944 நவம்பர் 8ஆம் நாள், சென்னை வேப்பேரிப் பக்கத்தில் ரிக்ஷாவிற் சென்ற லட்சுமிகாந்தன் என்பார் கத்தியாற் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். முன்பு சினிமா தூது என்றும், பின்னர் இந்து நேசன் என்றும் பத்திரிகை நடத்தி, நடிகர் முதலியோரின் அந்தரங்கம் என்று பலவற்றை அச்சிட்டு வந்தவர் அவர். அக்கொலைக்குச் சதி செய்ததாகப் பாகவதரும், என். எஸ். கிருஷ்ணனும், கோயமுத்தூர் ஸ்ரீராமுலு நாயுடுவும், வேறு சிலரும் கைது செய்யப்பெற்றனர். பாகவதர் பிடிபட்டது டிசம்பர் மாதம். அவ்வேளையில் ஹரிதாஸ் மூன்றாம் மாதத்தில் நடந்துகொண்டிருந்தது.

சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜூரிமார் முன்னிலையில் விசாரணை நடந்தது. 1945 மே 3ஆம் நாள் தீர்ப்புச் சொல்லப்பட்டது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை பெற்றார். பாகவதர்க்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுட்காலத் தண்டனை. அவ்வாண்டு அக்டோபரில் மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. அதன் பின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. கையில் இருந்த ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றாய்க் கழன்றன. அவர் நடிக்கவிருந்த உதயணன் கதையில் ஜி. என். பாலசுப்பிரமணியம் நடித்தார்.

இவ்விடத்தில் அன்பர்கள் சிறிது நின்று எண்ணுதல் வேண்டும். ஹரிதாஸ் கண்ட மூன்று தீபாவளிகளுள் முதலாவது ஒன்றின்போதுதான் அதன் நாயகர் வெளியில் இருந்தார். மற்றை இரண்டும் அவர்க்குச் சிறைக்குள் வந்தன. படத்தின் தொடக்கத்தில் அவர் குதிரைமீது அமர்ந்து, உலகமே தமக்கு உரிமையென்பதுபோற் பாடி வருவார். நாள்தோறும் மாலைக் காட்சியிலும் இரவுக் காட்சியிலும் அக்குதிரை பிராட்வேயில் வந்தது. அதே நகரத்தில் வழக்கு நடந்தது, தண்டனை விதிக்கப்பெற்றது, முறையீடு தோற்றது. கொட்டகைக்கு வெளியே செய்தித்தாள் விற்பவன் தீர்ப்பைக் கூவியிருப்பான். உள்ளே சென்றவர்கள் கால் இழந்த ஹரிதாஸன் தன் பிழைக்கு இரங்கிப் பாடுவதைக் கேட்டிருப்பர். செல்வத்தின் உச்சியிலிருந்து வீழ்ந்தவனின் கதையை நடித்தவர் அக்கதையே தம்மேல் வந்து கவிந்தது போல் ஆயினார். அவ்வேறுபாடு ஒன்று: படத்தின் ஹரிதாஸன் குற்றஞ் செய்தவன், அவன் கால்கள் இரண்டு மணி நேரத்துள் மீண்டன.

அவர் சிறைப்பட்டதனாலேதான் இரக்கத்தால் மக்கள் மீண்டும் மீண்டும் சென்றனர், அதனாலே படம் நீடித்தது என்று சொல்லுவார் உளர். எம் கருத்து அதனோடு முழுதும் இசையவில்லை. பிரிந்தவர் குரலைக் கேட்க வேறு வழியற்றவர் கொட்டகைக்குச் சென்றிருப்பர் என்பதை மறுக்கவில்லை. கிராமபோன் பெட்டி உள்ள வீடு சிலவே. நேரிற் பாடும் கச்சேரியோ நின்றுபோயிற்று. பாகவதர் பாடுவதைக் காண வேண்டின் பிராட்வேக்குத்தான் செல்ல வேண்டும். ஆனால் இரக்கமே காரணமாயின், அவர் விடுதலை பெற்று வந்து நடித்த படத்துக்கன்றோ அவ்விரக்கம் பெருகிச் சென்றிருக்க வேண்டும்? நடந்தது வேறு.

பிரிவி கவுன்சில் வழக்கை மீண்டும் ஆராயுமாறு திருப்பியனுப்பியது. சென்னை உயர்நீதிமன்றத்தில் வி. எல். எத்திராஜ் வாதித்தார். 1947 ஏப்ரலில் நீதிபதிகள் இருவர் அமர்ந்து கேட்டு, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று இருவரையும் விடுவித்தனர். அதற்குள் ஹரிதாஸ் பிராட்வேயை விட்டு இறங்கியாயிற்று. தம் வாழ்நாளிற் பெற்ற மிகப் பெரிய வெற்றி தொடங்கியதை மட்டும் அவர் கண்டார். அது வளர்ந்ததையும் முடிந்ததையும் காணவில்லை.

வெளிவந்த கிருஷ்ணன் மீண்டும் தழைத்தார். 1949இல் அவருடைய நல்லதம்பி வந்தது. பாகவதர்க்கு அவ்வாறு வாய்க்கவில்லை. 1948இல் ராஜமுக்தி வந்தது. புனா நகரத்துப் பிரபாத் ஸ்டூடியோவில் எடுக்கப்பெற்றது, பி. பானுமதி, எம். ஜி. ராமச்சந்திரன், வி. என். ஜானகி முதலியோர் உடன் நடித்தனர். படம் நிற்கவில்லை. இரண்டாண்டு முன் வரை இரண்டு தீபாவளிக்கும் அசையாத கூட்டம், மனிதர் உயிரோடு திரும்பி வந்தபோது வரவில்லை. ஜனங்கள் நன்றி மறந்தனர் என்று சிலர் வைவர். யாம் அவ்வாறு வையோம். டிக்கட்டு வாங்குபவன் கடன் தீர்க்க வருபவன் அல்லன். தனக்கு வேண்டியதைத் தேடி வருபவன். அவனுக்கு வேண்டியது மாறிக்கொண்டிருந்தது. பாட இயலாதவர்க்குப் பின்னிருந்து வேறொருவர் பாடும் முறை பரவிற்று. ஐம்பது பாட்டு இருந்த இடத்தில் நெடு வசனம் வந்தது. பாகவதரின் அமரகவியும் சியாமளாவும் வெளிவந்தது 1952ஆம் ஆண்டு. பராசக்தி வெளிவந்ததும் அதே ஆண்டு. இதற்குமேல் விரிப்பானேன்?

1957இல் புது வாழ்வு என்னும் படத்தை அவரே இயக்கி நடித்தார். அதுவும் போயிற்று. நீரிழிவு உடலை அரித்தது; கண்ணொளி மங்கிற்று. கோயில் கோயிலாகச் சென்று பாடினார். மேடையில் அவர் குரலுக்குக் குறை நேரவில்லை என்று கேட்டவர்கள் சொல்லுவர். அதை மட்டும் சிறையும் நோயும் விட்டுவைத்தன போலும். அவர் நடித்த படங்கள் மொத்தம் பதினான்கே. இன்றைய நடிகர் சிலர் நான்கைந்தாண்டில் அத்தொகையை எட்டிவிடுவர். அப்பதினான்கில் ஆறேழு படங்களே அவரை நிறுத்தின; அவற்றுள்ளும் ஹரிதாஸ் ஒன்றே மூன்று தீபாவளி நின்றது.

எம் மாணாக்கனுக்கு இவற்றை மறுநாள் சுருங்கச் சொன்னோம். அவன் இம்முறை நகைக்கவில்லை. சிறையில் அவர்க்கு அப்படத்தைக் காட்டினார்களோ என்று கேட்டான். கொட்டகை வேறு, சிறை வேறு என்று மட்டும் சொல்லி யாம் பாடத்துக்குத் திரும்பினோம்.

பாகவதர் 1959 நவம்பர் 1ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் வயதிற் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியிற் காலமானார். அதுவும் அவ்வாண்டுத் தீபாவளியை ஒட்டிய நாளே. உடல் திருச்சிக்குக் கொண்டுவரப்பெற்றுச் சங்கிலியாண்டபுரத்தில் அடக்கஞ் செய்யப்பெற்றது. அவர் இறுதியாக நடித்த சிவகாமி, மறு ஆண்டு வெளிவந்தது.